குடுபல்லிப் பொன்னும் கோலார்ப் புழுதியும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை, ஜோலார்ப்பேட்டையைக் கடந்ததும் சமவெளியை விட்டு மேட்டுநிலத்தில் ஏறத் தொடங்குகிறது. பச்சூர் வரை தமிழ்நாடு. குப்பம், குடுபல்லி, பிசாநத்தம் ஆகிய நிலையங்கள் ஆந்திரத்தைச் சேர்ந்தவை. அதற்கப்பால் காமசமுத்திரம், பங்காருப்பேட்டை எனக் கர்நாடகம் தொடங்கிவிடும். ஓர் உறக்கம் உறங்கி விழிப்பதற்குள் மூன்று மாநிலங்களைக் கடந்துவிடுகிறோம். விரைவு வண்டிகள் குடுபல்லியில் நிற்பதில்லை. ஆகவே நம்மவருள் பலர் இவ்வூரை நூறுமுறை கடந்திருந்தும் ஒருமுறையேனும் கண்டதில்லை.

பாசஞ்சர் வண்டியில் ஏறி இங்கு இறங்குவோர்க்கு முதலில் தோன்றுவது, தாம் எந்த மாநிலத்தில் நிற்கிறோம் என்ற ஐயமே. பெயர்ப்பலகை தெலுங்கில் இருக்கும். தேநீர்க் கடையில் பேச்சுத் தமிழில் நடக்கும். பால் கொண்டுவருபவர் கன்னடத்தில் விலை கேட்பார். ஒருவரே மூன்று மொழியிலும் மாறி மாறிப் பேசுவதையும் காணலாம். இதில் வியப்பில்லை. 1911-ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரை இப்பகுதியின் பெரும்பாகம் வட ஆர்க்காட்டுடன் இணைந்திருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் உருவானபோது எல்லைக் கோடு இங்கு விழுந்தது. கோடு விழுந்த பின்னும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை.

கேழ்வரகும் நிலக்கடலையும் இவ்வட்டாரத்தின் பழைய விளைபொருள்கள். பின்னர்த் தக்காளியும், பட்டுப்பூச்சிக்கு இரையாகும் மல்பெரியும் வந்தன. பெருநதி ஒன்றும் இல்லாத நாடு இது. ஏரி நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் கேழ்வரகு என்று வாழ்ந்த மக்கள், ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் ஆண்டுதோறும் இன்னும் சில அடி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். நிலத்தை நம்பி எல்லோரும் வாழ இயலாமையால் விடியலில் பெங்களூர் செல்லும் வண்டிகளில் நிற்க இடமிராது. கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் சென்று இரவில் திரும்புகிறவர்கள் இவர்கள். நம் வீட்டாருள்ளும் இப்படித் தொடங்கியவர்தாம் பலர் என்பதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆனால் இவ்வூரார் வெளியே சென்று பிழைக்க வேண்டிய நிலையிலேயே எப்போதும் இருந்தவர் அல்லர். காலடியில் பொன் இருந்த ஊர் இது.

கோலார்த் தங்கவயலை உலகமே அறியும். அவ்வயலின் பாறைத்தொடர் கர்நாடகத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதைச் சிலரே அறிவர். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீளமும், நான்கைந்து கி.மீ.க்கு மேற்படாத அகலமும் கொண்ட அக்கரும்பாறைப் பட்டை, மாரிக்குப்பத்தைத் தாண்டித் தெற்கே இறங்கி, குடுபல்லி மண்டலத்தின் வழியாகத் தமிழ்நாட்டு எல்லை வரை செல்கிறது. பாறையின் வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு என்பது நிலவியலார் கணக்கு. இதன் தென்பகுதியில் உள்ளவையே பிசாநத்தம், சிகரகுண்டா என்னும் பொற்சுரங்கங்கள். கோலாரை நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனமே இவற்றையும் நடத்தியது. கோலார் ஓய்ந்தபோது இவையும் ஓய்ந்தன.

ஓய்ந்த சுரங்கம் மீண்டும் எழக்கூடும் என்பதே இன்று இவ்வூரில் பேச்சு. 2015-இல் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, சுரங்கக் குத்தகைகளை ஏலத்தில் விட வேண்டும் என்று ஆயிற்று. அதன்படி சிகரகுண்டா–பிசாநத்தம் தொகுதி ஏலத்துக்கு வந்தது. இந்திய அரசின் என்.எம்.டி.சி. நிறுவனம் ஏலத்தில் முன்னின்றது. தொகுதியின் பரப்பு ஏறத்தாழ 263 ஹெக்டேர். கனிமம் 18 இலட்சத்து 30 ஆயிரம் டன். டன்னுக்குச் சராசரி 5.15 கிராம் பொன் என்பது மதிப்பீடு.

பிசாநத்தத்தில் முதியவர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். தந்தையும் தாமும் சுரங்கத்தில் உழைத்தவர்கள் என்றார். நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று அறிந்ததும் அவர் கேட்டது ஒன்றே: “தம்பி, சுரங்கம் தெறந்தா நம்ம பசங்களை எடுப்பாங்களா, இல்லே மிஷினே எல்லாத்தையும் பண்ணிடுமா? அதைக் கேட்டு எழுதுங்க.” பேரன் பெங்களூருக்குச் சென்று வருவதாகவும், வீட்டில் இருக்கும் நேரத்தைவிட வண்டியில் இருக்கும் நேரமே மிகுதி என்றும் சொன்னார். சுற்றுப்புறக் கேட்டைப் பற்றி நான் கேட்டபோது, “அதுவும் உண்டுதான்” என்று சொல்லிக் கோலார்த் திசையைக் கையால் காட்டினார்.

அவர் காட்டிய திசையில் சென்று பார்ப்பதே முறை. குடுபல்லியின் நாளையைக் காண விரும்புகிறவர், கோலாரின் நேற்றையும் இன்றையும் கண்டாக வேண்டும்.

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் கால்வைத்தனர். அதன்பின் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழர் அங்கே குடியேறினர். ஊரில் நிலமும் இல்லை, மதிப்பும் இல்லை என்றிருந்த ஒடுக்கப்பட்ட மக்களே அவருள் பெரும்பாலோர். சுரங்கம் அவர்களுக்குக் கொடியதாக இருந்தது. ஆயினும் ஊர்க் கொடுமையினின்று தப்பும் வழியாகவும் இருந்தது. மாதச் சம்பளம், பள்ளிக்கூடம், மருத்துவமனை, சங்கம், படிப்பகம் எல்லாம் அங்கே கிடைத்தன. 1930-இல் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்து தம் உரிமையை நிலைநாட்டியவர்கள் அவர்கள். பொருள் வளர்ச்சி மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை. ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து பட்டம் பெற்று உலகெங்கும் சென்றிருக்கும் பேரப்பிள்ளைகளைக் கேட்டாலே போதும். இதை மறந்து, “சுரங்கமே வேண்டாம்” என்று குளிர்ந்த அறையில் அமர்ந்து எழுதுவது எளிது.

அக்காலத்தில் கோலார் பெற்ற வசதிகளும் சிறியவை அல்ல. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 147 கி.மீ. கம்பி இழுத்து இங்கே கொண்டுவந்தனர். பெங்களூர் நகரம் மின்விளக்கைக் காணுமுன்னரே தங்கவயல் கண்டது. பாலாற்றின் நீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து குழாய் வழி வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கி.மீ.க்கும் கீழே இறங்கியது. அதன் ஆழத்தில் 1965-இல் விஞ்ஞானிகள் நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றனர் என்பது இடையே சொல்லத்தக்க செய்தி. அதே ஆழத்தில், பாறை 60 பாகைக்கு மேல் கொதிக்க, வெறும் மேலோடு நின்று துளையிட்டவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

பொன்னுக்குக் கணக்கு இருந்தது. 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் எடுத்ததாக ஏடுகள் கூறும். தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த பொன், இறுதியில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கியது. எடுக்கும் செலவு விற்கும் விலையை விஞ்சியது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

மூடப்பட்டது சுரங்கத்தின் வாயில் மட்டுமே. பொன்னைப் பிரிக்கும் முறையைச் சற்றே அறிந்தால் இது விளங்கும். பாறையை மாவாக அரைப்பார்கள். அம்மாவைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தால் பொன் மட்டும் கரைந்து நீரோடு சேரும். அந்நீரைத் துத்தநாகத்தூளோடு சேர்த்தால் பொன் மீண்டும் திரளும். டன் ஒன்றில் சில கிராம் போக, எஞ்சிய மாவெல்லாம் வெளியே கொட்டப்படும். அவ்வாறு கொட்டிக் கொட்டி எழுந்தவை பதின்மூன்று மேடுகள். 1,003 ஏக்கர் பரப்பில், 3 கோடியே 30 இலட்சம் டன் மாவு. தொலைவிலிருந்து பார்த்தால் வெளுத்த குன்றுகள் போல அழகாகவே இருக்கும்; திரைப்படக்காரர்கள் பாட்டுக்கும் சண்டைக்கும் அங்கே வருவதுண்டு. உள்ளூரார் அவற்றை அழைக்கும் பெயர் ‘சயனைடு மேடு’.

சயனைடு வெயிலில் நாளடைவில் சிதைந்துவிடும் என்பர். ஆனால் மாவு சிதைவதில்லை. மாவில் உள்ளது பெரும்பாலும் படிகக்கல் தூள். ஆடிக்காற்று எழும்போது அது ஊருக்குள் புகுந்து, கதவிடுக்கில், தண்ணீர்க் குடத்தில், உலரும் துணியில் படிகிறது. மாவில் கலந்துள்ள கந்தகக் கனிமங்களை மழை கரைத்து ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. அம்மேடுகளில் மரம் எளிதில் வேர் பிடிப்பதில்லை.

அத்தூள் நுரையீரலை என்ன செய்யும் என்பது அரசுக்கோ கம்பெனிக்கோ தெரியாத செய்தியன்று. 1940-களில் கோலார்த் தொழிலாளர் 7,653 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர்க்குச் ‘சிலிகோசிஸ்’ என்னும் தூசிநோய் கண்டிருந்தது. அறிந்த பின்னும் அரை நூற்றாண்டு மாவைக் கொட்டினார்கள். மேட்டை மூடுவதற்கென்று பொன் விற்ற பணத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எடுத்துவைத்திருந்தால், சுரங்கம் நின்ற நாளில் அப்பணம் கையில் இருந்திருக்கும். எடுத்துவைக்கவில்லை. எடுத்துவைக்க வேண்டும் என்று அன்று சட்டமும் இல்லை. சுரங்கத்தை மூடும் திட்டத்தைத் தொடக்கத்திலேயே அளிக்க வேண்டும், அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்னும் விதி நம் நாட்டில் வந்தது 2003 ஏப்ரலில். கோலார் மூடி இரண்டு ஆண்டு கழிந்த பின்!

இப்போது அம்மேடுகளிலேயே எஞ்சிய பொன்னை அரித்தெடுக்கத் திட்டம் உண்டு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அதற்கு இசைவளித்தது. பாட்டன் விட்டுச் சென்ற புழுதியைப் பேரன் மறுபடியும் கிளற வேண்டியிருக்கிறது. அதிலாவது நல்லது விளைந்து, இறுதியில் மேடு மூடப்படுமாயின் மகிழ்வோம்.

பொன்னுக்கு நேர்ந்த இக்கதை தோலுக்கும் நேர்ந்தது. அதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஏனெனில் குப்பம் வட்டாரத்தை நனைத்துச் செல்லும் பாலாறே அக்கதையின் களம். கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ. ஓடித் தமிழ்நாட்டில் நுழையும் அந்த ஆறு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய தோல் பதனிடும் ஊர்களின் கழிவைத் தாங்கியது. தோல் ஏற்றுமதி நாட்டுக்கு அயல்நாட்டுப் பணத்தைத் தந்தது. பல்லாயிரவர்க்கு வேலை தந்தது. கிணறுகளுக்கு உப்பையும் குரோமியத்தையும் தந்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதுமோ பகுதியோ கெட்டது என்பது வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் உச்ச நீதிமன்றம் சென்றனர்.

1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் அளித்த தீர்ப்பு, இந்தியச் சட்ட வரலாற்றில் ஒரு மைல்கல். வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் ஒன்றுக்கொன்று பகை என்ற பழைய எண்ணம் இனிச் செல்லாது. வருங்கால மக்களின் தேவைக்குக் குந்தகம் இல்லாத வளர்ச்சியே வளர்ச்சி. மாசு செய்தவரே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும். தன் தொழிலால் கேடில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோனையே சாரும். 1987-இல் உலக நாடுகளின் ஆணையம் ஏட்டில் எழுதிய கொள்கை, பாலாற்றங்கரை உழவரின் வழக்கால் நம் நாட்டின் சட்டமாயிற்று.

ஆயினும் தீர்ப்பு வந்ததும் ஆறு தெளிந்துவிடவில்லை. 2001-இல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோராகக் கண்டது. 2025 ஜனவரி 30-ஆம் நாள், அதே பாலாற்றைக் குறித்து உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. மாசை நீக்குக, அரசு முதலில் இழப்பீட்டை அளித்துப் பின் மாசு செய்தவரிடம் வசூலிக்க என்றது அவ்வாணை. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள். உழவர் ஒருவர் நடுவயதில் வழக்குக்குக் கையெழுத்திட்டிருந்தால், பயனைக் காண்பவர் அவருடைய பேரனாகத்தான் இருக்க முடியும். கேடு நேர்ந்த பின் பொறுப்பைத் தேடுவதில் உள்ள தொல்லை இதுதான்.

மீண்டும் குடுபல்லிக்கு வருவோம். இங்கே இன்னும் மேடு எழவில்லை. ஆகவே கணக்கைப் போட்டுப் பார்க்க நேரம் இருக்கிறது.

18 இலட்சத்து 30 ஆயிரம் டன் கனிமம், டன்னுக்கு 5.15 கிராம் என்றால், மொத்தப் பொன் ஒன்பதரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. முழுவதையும் பிரித்தெடுக்க இயலாது என்பது ஒருபுறம் இருக்க, கிராம் பத்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்பதாயிரத்து நானூறு கோடி ரூபாய்ப் பொன். அதற்காக அரைபடுவது 18 இலட்சத்து 30 ஆயிரம் டன் மாவு. கோலாரில் குவித்தது போலவே குவித்தால் ஐம்பத்தைந்து ஏக்கர் மேடு. இனிப் பிணைத்தொகையைப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டு விதிகள், 2021-இல் திருத்தப்பட்டபடி, பெரிய சுரங்கங்களுக்கு, பயன்படுத்தும் நிலத்தில் ஹெக்டேருக்கு 5 இலட்சம் ரூபாய் என்று வரையறுக்கின்றன. 263 ஹெக்டேரையும் சேர்த்தாலும் பதினான்கு கோடி ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒன்பதாயிரம் கோடிக்குப் பதினான்கு கோடி! அடகுக் கடைக்காரன்கூட இவ்வளவு குறைந்த ஈட்டின்பேரில் கடன் கொடுக்கமாட்டான்.

பணத்தைவிடவும் நீரின் கணக்கு இங்கே கடுமையானது. சுரங்கம் ஆழமாக ஆழமாக ஊற்றுநீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்மட்டம் என்னவாகும்? 2025 ஆகஸ்டில், அந்திரி–நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணை நீர் பல நூறு கி.மீ. கடந்து, படிப்படியாக மேலே ஏற்றப்பட்டுக் குப்பம் நாட்டுக்கு வந்தது. பூசையிட்டு வரவேற்றார்கள். அத்துணை அருமையாகத் தண்ணீர் கொண்டுவரப்படும் மண்ணில், இருக்கும் ஊற்றை இறைத்துவிடுவதும், மாவு கரைந்த நீரை ஏரியில் சேரவிடுவதும் அறிவுடைமையாகுமா? இறைக்கும் நீரைத் தூய்மை செய்து அதே ஏரிகளில் விடலாம். அரைத்த மாவைச் சிமெண்டுடன் குழைத்துச் சுரங்கத்தின் வெற்றிடத்திலேயே திரும்ப நிரப்பும் முறையும் உலகில் பல சுரங்கங்களில் வழக்கில் இருக்கிறது. மேட்டின் பெரும்பகுதி அப்போது எழவே எழாது. செலவு கூடும், பொன்னின் ஆதாயம் குறையும். குறைந்த ஆதாயத்திலும் கட்டுபடியாகும் சுரங்கமானால் திறக்கட்டும். இச்செலவைச் சேர்த்தால் கட்டுபடியாகாது என்றால், அந்த ஆதாயம் நம் பேரன்மாரிடமிருந்து வட்டியின்றி வாங்கிய கடன் என்று பொருள்.

மண்டலத்தில் பிறந்து வெளியூர்களில் வாழும் வாசகர்க்கு ஒரு செய்தி. இத்தகைய சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் இசைவு தரும் முறையில், 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் வைக்க வேண்டும். அங்குள்ள முதியோருள் தெலுங்கு பேசுவோர் யாவரும் தெலுங்கு படிக்கத் தெரிந்தவர் அல்லர். தமிழில் ஒரு படி கேட்டுப் பெறுவது தவறாகாது. கூட்டத்துக்கு வர இயலாதோர், அக்கறையுடையோர் என்ற முறையில் எழுத்து வாயிலாகவும் கருத்தை அனுப்பலாம்.

அனுப்புவோர் உணர்ச்சியைக் கொட்டி நீண்ட கடிதம் எழுத வேண்டாம். அரைத்த மாவு எங்கே வைக்கப்படும், எதனால் மூடப்படும்? இறைக்கும் நீர் எந்த ஏரிக்குச் செல்லும், அதை யார் மாதந்தோறும் சோதிப்பார்? மூடும் நாளுக்கான பணம் எவ்வளவு, எந்த வங்கியில், யார் பெயரில்? வேலையில் உள்ளூர் இளைஞர்க்கு எத்தனை பங்கு, அவர்களுக்குத் தொழிற்பயிற்சி எப்போது தொடங்கும்? கடைசிக் கேள்வி பிசாநத்தத்து முதியவருடையது. அதை விட்டுவிட வேண்டாம். விடையை எண்களில் தரும்படி கேளுங்கள். ஊர்க் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாக வேண்டும். படியொன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள்.